கேட்டால்தான் பங்கு

"நீங்க எப்படிங்க மாமா ரிக் வண்டிக்கு முதலாளி ஆனீங்க?"

"கேட்டேன்."

"கேட்டீங்களா? யாருகிட்டங்க?"

"முதலாளிகிட்டத்தான். வேற யாருகிட்டப் போய்க் கேக்கறது?"

மைதிலி கல்யாணமாகித் திருச்செங்கோட்டு வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் மாமனார் மருதாசலத்தோடு பேசிய பேச்சு இது. புது மருமகளை வம்புக்கு இழுக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ வேகவைத்த நிலக்கடலையை உரித்து, பருப்பை அவள் பக்கமும் தொலியைத் தன் பக்கமும் ஒதுக்கிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்.

"அப்ப நான் ரிக் வண்டில இரும்பு ராடு தூக்கற ஆளு அம்மிணி. பெல்லாரிப் பக்கம் தண்ணிக்குப் போர் போட்டுட்டு இருந்தோம். முதலாளி இன்னொரு வண்டி வாங்கப் போறார்னு பேச்சு. சாயங்காலம் அவரு கொழாயடில மூஞ்சி கழுவிட்டு இருந்தப்பப் போயி நின்னேன். 'ஏனுங்க, புது வண்டில எனக்கும் ஒரு பங்கு வேணுங்க. கையில காசில்லீங்க, வர்ற வரும்படில கழிச்சுக்கங்க'ன்னேன். மனுசன் கழுவுன மூஞ்சிய இன்னொருக்காக் கழுவுனாரு. தொடச்சாரு. 'செரி'ன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீ கடலையத் தின்னு."

அந்தப் பேச்சை மைதிலி மறக்கவே இல்லை. அவள் பிறந்தது ராசிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில். அவளுடைய அப்பா வாழ்நாள் முழுக்க ஒரே ஜவுளிக்காரரிடம் பாவு வாங்கி நெய்து கொடுத்தவர். கூலியை ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டே தீருவது என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஒரு இனிப்புப் பொட்டலத்தோடு திரும்பி வருவார். அதைப் பிரித்துத் தின்றுகொண்டே வளர்ந்தவளுக்கு, 'கேட்டேன்' என்ற சொல்லை ஒரு மனிதர் இவ்வளவு லேசாகச் சொல்ல முடியும் என்பதே புதிதாக இருந்தது. சேலத்துக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் கற்பிக்கும் அவள், ஆராய்ச்சிக்கு எத்தனையோ தலைப்புகள் இருக்க, உலக நாடுகளில் வருமான ஏற்றத்தாழ்வு தலைமுறை தலைமுறையாக எப்படிக் கூடிக் குறைந்திருக்கிறது என்பதை எடுத்துக்கொண்டாள். அதற்கு அந்த நிலக்கடலைச் சாயங்காலம்தான் காரணம் என்று தனபாலுக்கு மட்டுமே தெரியும்.

தனபால் அவள் கணவன். மருதாசலத்தின் ஒரே மகன். சேலம் பஸ்ஸில் அவளைப் பார்த்துப் பழகி, இரண்டு வீட்டையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துக் கட்டிக்கொண்டவன். வருஷத்தில் பாதி நாள் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் வண்டியோடு கிடப்பான். வீட்டில் இருக்கிற நாளில், அவளுடைய லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு எந்த நாட்டுக்காரன் பணக்காரனாயிட்டான், புரபசரம்மா?" என்று கேட்காவிட்டால் அவனுக்குக் காபி இறங்காது.

இந்த வருஷம் கல்லூரியில் பெரிய கருத்தரங்கு. வெளிமாநிலங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். மைதிலி பேச வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மருதாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இதென்ன அம்மிணி, மேல இருந்து கீழ போயி, மறுபடி மேல வருது?"

"ஒரு நாட்டோட மொத்த வருமானத்துல மேல்தட்டு ஆளுங்க எவ்வளவு எடுத்துட்டுப் போறாங்கன்னு காட்டற கோடுங்க மாமா. நூறு வருஷத்துக்கு முந்தி உச்சத்துல இருந்துச்சு. உலகப் போருக்கு அப்புறம் நெறைய நாடுகள்ல இறங்குச்சு. நீங்க கொழாயடில போய் நின்னீங்களே, அந்தக் காலத்துல நம்ம நாட்டுல அடியில கிடந்துச்சு. அதுக்கப்புறம் மறுபடி ஏறுது. அமெரிக்காலயும் ஏறுது, சீனாலயும் ஏறுது, இங்கயும் ஏறுது."

"ஏறுனா நல்லதில்லையா?"

"இதுல ஏறுனா நல்லதில்லீங்க மாமா."

"எங்க தொழில்ல மேல வந்தாத் தண்ணி. உன்ற தொழில்ல மேல வந்தாப் புழுதி போல இருக்குது."

தனபால் உள்ளேயிருந்து சிரித்தான். மைதிலி இன்னொரு படத்தைத் திறந்தாள்.

"இது வேற கோடு. நாட்டுக்கு நாடு இருக்கற வித்தியாசம். இது ரொம்ப காலம் ஏறிட்டே இருந்து, இப்ப இறங்குது. சீனாவும் நம்ம நாடும் மேல வந்ததுல பாதி உலகமே மேல வந்திருச்சு."

"அதாவது," என்று தனபால் காபி தம்ளரோடு வெளியே வந்தான், "ஊருங்க எல்லாம் கிட்டக் கிட்ட வந்துட்டு இருக்குது. ஊட்டுக்குள்ள இருக்கற ஆளுங்க தூரமாப் போயிட்டு இருக்காங்க."

மைதிலி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பத்து பக்கத்தில் அவள் எழுதி வைத்திருந்ததை இவன் ஒரு வாய் காபிக்கு நடுவில் சொல்லிவிட்டான். "இத நான் மேடையில சொல்லிக்கட்டுங்களா?" என்றாள்.

"சொல்லிக்க. ராயல்டியா ஒரு தோசை ஊத்திக் குடு."

திருச்செங்கோட்டில் ரிக் வைத்திருக்கும் வீடுகளுக்கு அவள் ஒரு வருஷமாக ஏறி இறங்கியிருக்கிறாள். அறுபது வயது தாண்டிய முதலாளிகளில் பெரும்பாலோர் ராடு தூக்கியவர்கள், டிரைவராக இருந்தவர்கள், மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போனவர்கள். உழைத்த வண்டியிலேயே பங்கு வாங்கி மேலே வந்தவர்கள். ஒருவர் வாங்கினால் அடுத்த வண்டியில் அவர் இன்னொருவரைச் சேர்ப்பார். ஒரு வறண்ட ஊர் இப்படித்தான் இந்தியா முழுக்கத் துளை போட்டுத் தண்ணீர் கொடுத்தது. நினைக்க நினைக்க அவளுக்கு மலைப்பாக இருக்கும். உலகத்தில் எந்தப் பொருளாதார மேதையும் திட்டம் போட்டுக் கொடுக்காத ஏணி அது. ஆனால், "கடைசியா உங்க வண்டியில வேலை பார்த்து பங்கு வாங்குனது யாருங்க?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி மோட்டுவளையைப் பார்த்தார்கள். இப்போது ராடு தூக்குகிறவர்கள் எல்லாரும் சத்தீஸ்கர், ஜார்கண்ட், ஒடிசா ஆட்கள். அவர்களில் ஒருவருக்கும் பங்கு இல்லை.

மருதாசலத்தின் வண்டியிலும் இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தல்.

அங்கே பத்துப் பன்னிரண்டு வருஷமாக, துளை போடும் எந்திரத்தை இயக்கும் டிரில்லராக இருப்பவன் சுக்ராம். சத்தீஸ்கரில் காட்டோரக் கிராமம் ஒன்றிலிருந்து மீசை அரும்பும் வயதில் வந்தவன். தமிழை வண்டியில்தான் கற்றான். கற்றுக் கொடுத்தவர்கள் எல்லாரும் கொங்குக்காரர்கள் என்பதால் அவன் தமிழில் 'ங்க' கொஞ்சம் தாராளம். தெருநாயைக்கூட "தள்ளிப் போங்க" என்றுதான் விரட்டுவான். நாயும் மரியாதைக்குக் கட்டுப்பட்டு நகர்ந்துவிடும் என்று தனபால் சொல்வான். சுக்ராம் வண்டியோடு போயிருந்தால் மருதாசலம் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார். மகன் மட்டும் போயிருந்தால் ரெண்டு தடவை போன் பண்ணுவார்.

"சுக்ராமுக்கு ஏனுங்க மாமா பங்கு குடுக்கல?" என்று மைதிலி ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"கேக்கலையே."

"நீங்களாக் குடுக்கலாம் இல்லீங்களா?"

மருதாசலம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மறுபடி தோளில் போட்டார். "ஒருக்காக் குடுத்தேன். மாரின்னு ஒரு பையன். தங்கமான வேலைக்காரன். நானாக் கூப்பிட்டு, இந்தா உனக்கொரு பங்குன்னு குடுத்தேன். மொத வருசமே தண்ணியில்லாத காடாப் பாத்துப் போயிப் போட்டோம், நட்டம். எல்லாரும் உக்காந்து ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சப்ப அவன் எந்திரிச்சு நின்னான். 'நானாங்க பங்கு கேட்டேன்? நீங்கதான குடுத்தீங்க'ன்னான். அவன் சொன்னதுல தப்பில்ல அம்மிணி. நானாக் குடுத்தா அது தர்மம். அவனாக் கேட்டாத்தான் அது பங்கு. கேக்கறவன்தான் நட்டத்துக்கும் நிப்பான்."

"அப்ப நான் சுக்ராம்கிட்ட, போய்க் கேளுங்கன்னு சொல்றனே."

"சொல்லாத. நீ சொல்லி அவன் கேட்டா அது நீ கேட்டது. சத்தியமாச் சொல்லாத." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "நானும் ஒவ்வொரு வண்டிக்கும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். அவன் இருக்கறப்ப மூஞ்சி கழுவப் போனா, கொஞ்ச நேரம் சேத்தி நின்னுகூடப் பாத்துட்டேன். அவன் தண்ணி மோந்து ஊத்திட்டுப் போயர்றான்."

ஊரே மரியாதை கொடுக்கிற மனிதர், தன் டிரில்லர் வந்து பங்கு கேட்பான் என்று குழாயடியில் கழுவின முகத்தையே கழுவிக்கொண்டு நிற்கிறார். மைதிலிக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் பாசமும் பொங்கியது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

சுக்ராமுக்கு நட்டத்தில் மாட்டிக்கொள்ளப் பயம் போலிருக்கிறது என்றுதான் அவள் அதுவரை எண்ணியிருந்தாள். அப்படி எண்ண ஒரு காரணமும் இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன் சித்ரதுர்கா பக்கம் போட்ட ஒரு போரில் ராடு மொத்தமும் உள்ளே மாட்டிக்கொண்டது. எடுக்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். பெரிய அடி. பங்குக்காரர்கள் எல்லாரும் முன்னறையில் கூடிப் பேசினார்கள். சேதி கொண்டுவந்த சுக்ராம் உள்ளே வராமல் வெளிக்கேட்டுப் பக்கத்திலேயே நின்றான். நட்டம் அவனுடையது இல்லை என்பதால் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. மைதிலி அவனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"உள்ள என்னங்க அக்கா பேசறாங்க?"

"நீங்க கவலப்படாதீங்க. உங்க சம்பளத்துல கை வைக்க மாட்டாங்க."

"அதில்லீங்க அக்கா," என்றான். தம்ளரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றான். வேறென்ன என்று அவள் கேட்கவில்லை.

இப்போது புது ரிக் வாங்கியாகிவிட்டது. பங்கெல்லாம் பிரித்தது போக ஒன்று மிச்சம் இருந்தது. அதை மருதாசலத்தின் தங்கை மகன் ஜெயபிரகாஷ் கேட்டுவிட்டான். லாரிகள் வைத்திருப்பவன், கையில் காசு புரள்கிறவன், நல்ல மனிதன்தான். கேட்டவனுக்குத்தான் பங்கு என்றால் அது அவனுக்குத்தான் போக வேண்டும். ஆனால் மருதாசலம், "வண்டிப் பூசை முடியற வரைக்கும் பொறு மாப்ள" என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

"பூசைக்கும் பங்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஜெயபிரகாஷ் மைதிலியிடம் புலம்பினான். "தங்கச்சி, நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. மாமா யாருக்கோ எடம் போட்டு வெச்சிருக்கற மாதிரி இருக்குது. பஸ்ல துண்டு போடற மாதிரி."

"துண்டு போட்டது யாருக்குன்னு துண்டுக்குத்தானுங்கண்ணா தெரியும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சுக்ராம் அவளைத் தேடி வந்தான். கை கால் கழுவி, சட்டை மாற்றி, தலை சீவி வந்திருந்தான்.

"அக்கா, தான்சானியா எப்படிங்க இருக்கும்?"

அவள் உலக வரைபடத்தைத் திறந்து காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். கடலுக்கு இந்தப் பக்கம் திருச்செங்கோடு இருக்கும் இடத்தையும் அந்தப் பக்கம் தான்சானியாவையும் விரல் வைத்து அளந்தான். "சாண்கூட இல்லீங்களே."

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒரு ஏஜெண்டு கூப்பிடறாருங்க. அங்க நம்மூரு வண்டி நெறையப் போயிருக்குதுங்களாம். டிரில்லருக்கு இங்க வாங்கற மாதிரி ரெண்டு பங்கு சம்பளம். பூசை முடிஞ்சதும் பதில் சொல்லோணுங்க. ஐயாகிட்ட இன்னும் சொல்லல. நீங்கதான் பாத்துச் சொல்லோணும்."

மைதிலியின் படங்களில் இருக்கும் ஒரு கோடு எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. சத்தீஸ்கரில் விளைந்தால்தான் கூலி. அதைவிட நல்ல சம்பளம் என்று திருச்செங்கோட்டுக்கு வந்தான். இப்போது அதைவிட நல்ல சம்பளம் என்று ஆப்பிரிக்கா. நாட்டுக்கு நாடு இருக்கும் தூரத்தை இவனைப் போன்றவர்கள்தான் தாண்டித் தாண்டிக் குறைக்கிறார்கள். ஆனால் இந்த வாசலில் கேட்டிலிருந்து முன்னறை வரைக்கும் இருக்கும் தூரத்தை மட்டும் அவனால் தாண்ட முடியவில்லை.

"இங்க உங்களுக்கு என்ன குறை சுக்ராம்?"

"குறையில்லீங்க அக்கா. புள்ள வளந்துட்டு வருது. இங்க எத்தன வருசம் இருந்தாலும் டிரில்லருதானுங்க."

"மாமாகிட்ட எதாவது..." என்று ஆரம்பித்தவள் வாக்கு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். ஆனால் அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"எங்கப்பா ஒரு பண்ணையில வேலை பாத்தாருங்க. ரொம்ப வருசம். ஒருக்கா அந்தப் பண்ணைக்காரப் பெரியவருகிட்டப் போயி, ஓடை ஓரத்துல சும்மா கெடக்கற நெலத்த நான் உழுது போடறேன், வெளஞ்சா பாதிப் பாதின்னு கேட்டாருங்க. பெரியவரு சிரிச்சாரு. உக்காரச் சொன்னாரு, பொரி குடுத்தாரு. அடுத்த நாள் காலைல போனா, இனிமே வராதன்னு ஆள் விட்டுச் சொல்லிட்டாங்க. சுத்துப்பட்டு ஊர்ல ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடல. அதுக்கப்புறம் எங்க ஊட்ல யாரும் யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கறதில்லீங்க. குடுத்தா வாங்கிக்கறது."

மைதிலி வரைபடத்தை மூடினாள்.

"ஐயா நல்லவருங்க," என்றான் சுக்ராம். "எதும் கேட்டு வாங்க வேண்டிய ஆளில்ல அவரு. இத்தன வருசமா அவரு குடுக்கலைன்னா, நான் இன்னும் அதுக்கு ஆளில்லைன்னுதானுங்க அர்த்தம். ஐயா தப்பா அளக்க மாட்டாருங்க."

ஒரு வார்த்தை. அவர் உங்களுக்காகத்தான் குழாயடியில் நிற்கிறார் என்ற ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிக்கொண்டாள். "பூசை முடியட்டும் சுக்ராம். அதுவரைக்கும் ஏஜெண்டுக்குப் பதில் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை தனபால் அவளைக் கல்லூரியில் விடக் காரெடுத்தான். சங்ககிரி தாண்டும்வரை அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே வந்தாள்.

"என்ன புரபசரம்மா, உலகம் ரொம்ப ஏறிருச்சா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவன் வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தான். லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு போயின.

"அடப்பாவமே," என்றான். "இவரு அவன் கேக்கோணும்னு நிக்கறாரு. அவன் இவரு குடுக்கோணும்னு நிக்கறான். ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் மரியாதை குடுத்துட்டே இத்தன வருசத்த ஓட்டிட்டாங்க."

"நான் சுக்ராமுக்குச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேங்க."

"அப்பாவ மீறி நான் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க." அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு யோசித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். "சுக்ராமுக்குச் சொல்லக் கூடாதுன்னுதான மாமா சொன்னாரு? மாமாவுக்குச் சொல்லக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

தனபால் அவளையே பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானதுதான். அந்தக் காலத்தில் சேலம் பஸ்ஸில் கண்டக்டரோடு அவள் சில்லறைக்கு வாதாடியபோது பார்த்த அதே பார்வை. "உன்னக் கட்டிக்கிட்டதுதான்டி நான் போட்டதுலயே நல்ல பாயிண்ட்டு," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். தண்ணீர் இருக்கும் இடம் பார்த்துப் பாயிண்ட்டு குறித்துப் போர் போடுகிறவன் வாயால் அதைவிடப் பெரிய பாராட்டு வந்துவிடாது.

அன்று சாயங்காலம் மருதாசலம் கடலை உரித்துக்கொண்டிருந்தார். மைதிலி அவர் எதிரில் உட்கார்ந்தாள். ஓடையோர நிலத்தைப் பற்றிச் சொன்னாள், பொரியைப் பற்றிச் சொன்னாள், மறுநாள் காலை ஆள் விட்டுச் சொன்னதைப் பற்றிச் சொன்னாள். ஐயா தப்பா அளக்க மாட்டார் என்று சுக்ராம் சொன்னதை மட்டும் கடைசியில் சொன்னாள். தான்சானியாவை அதற்குப் பிறகு சொன்னாள்.

அவர் கை மட்டும் உரித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் குனிந்து பார்த்தால், தொலியெல்லாம் அவள் பக்கம் குவிந்திருந்தது. பருப்பெல்லாம் அவர் பக்கம் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"எனக்கு என்ற முதலாளி 'செரி'ன்னாரு," என்றார் கடைசியாக. "அவனப்பனுக்கு ஒருத்தன் பொரி குடுத்து அனுப்பிச்சான். ரெண்டு பேரும் கேட்டவங்கதான். நான் என்னமோ என்ற தைரியத்துலயே மேல வந்தேன்னு நெனச்சுட்டு இருந்தேன் அம்மிணி. பாதி, கேட்ட எடத்தோட நல்ல மனசு."

எழுந்து உள்ளே போனார். கருத்தரங்கில் பேச வேண்டிய எல்லாவற்றையும் விட அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் மேடையில் முதலில் சொல்ல வேண்டும் என்று மைதிலிக்குத் தோன்றியது. தப்பு செய்தவர் மாதிரி அவர் போகவில்லை. ஒரு கணக்கைத் திருத்திப் போடுகிறவர் மாதிரி போனார். அந்த வயதில், அந்த அந்தஸ்தில், தான் மேலே வந்த கதையையே திருத்திக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

பூசை நாள் விடிந்தது. புது ரிக் வாசலுக்கு முன் பெரிய கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. உயர்ந்து நிற்கும் மாஸ்ட்டுக் கம்பம் முழுக்கச் சாமந்தி மாலை. பங்குக்காரர்கள் வேட்டி துண்டோடு வந்து சேர்ந்தார்கள். ஜெயபிரகாஷ் பட்டுச் சட்டையில் வந்திருந்தான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பங்குக்கு ஒன்றாகத் தேங்காய்கள் தாம்பாளத்தில் இருந்தன. அது பங்குக்காரர்களின் கணக்கு. கடைசித் தேங்காயை யார் எடுப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சுக்ராம் வண்டிக்குப் பின்பக்கம் நின்று, தொங்கிய மாலை ஒன்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஐயர் மணி அடித்ததும் எல்லாரும் மருதாசலத்தைத் தேடினார்கள். அவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, நல்ல நேரம் போகுதுங்க," என்றான் ஜெயபிரகாஷ்.

"வாரேன் மாப்ள. மூஞ்சி கழுவிட்டு வாரேன்."

கழுவினார். மறுபடி கழுவினார். தனபால் மைதிலியின் பக்கத்தில் வந்து நின்று, யாரும் பார்க்காமல் அவள் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"சுக்ராமு," என்று மருதாசலம் கூப்பிட்டார். "அந்தத் துண்ட எடுத்துட்டு வா."

சுக்ராம் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினான். மருதாசலம் அதை வாங்கவில்லை. முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றார்.

"உங்கப்பன் ஓடையோரத்து நெலம் கேட்டாராமே."

சுக்ராம் திடுக்கிட்டு மைதிலியைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"எனக்குத் தெரியாது சாமி," என்றார் மருதாசலம். வாசலில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "கேட்டா ஒருத்தனுக்கு வேலை போகும்னு எனக்குத் தெரியாது. நானும் ஒரு நாள் இப்படித்தான் மூஞ்சி கழுவிட்டு இருந்த ஒருத்தருகிட்டப் போயி ஒண்ணு கேட்டேன். எனக்குக் கெடச்சுது. இந்த வாசல்ல கேட்டதுக்காக யாருக்கும் வேலை போகாது. இல்லைன்னு சொன்னாலும் சொல்லுவேன், வேலை போகாது. இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது."

ஜெயபிரகாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தாம்பாளத்தில் இருந்த கடைசித் தேங்காயைப் பார்த்தான், சுக்ராமைப் பார்த்தான், குழாயடியில் ஈர முகத்தோடு நிற்கும் மாமாவைப் பார்த்தான். துண்டு யாருக்குப் போட்டிருந்தது என்று அவனுக்கும் புரிந்துபோயிற்று. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தான். நல்ல மனிதன்தான்.

சுக்ராமின் கையில் துண்டு அப்படியே இருந்தது. அவன் அதை மடித்தான், பிரித்தான். திரும்பிக் கேட்டைப் பார்த்தான். ராடு மாட்டிய அன்று அவன் நின்ற அதே இடம். பிறகு மருதாசலத்தின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"ஐயா, அன்னிக்கு நட்டம் வந்தப்ப நீங்க எல்லாரும் உள்ள உக்காந்து பேசுனீங்க. நான் வெளிய நின்னனுங்க. அந்தப் போரப் போட்டவன் நானுங்க, ஆனா நட்டத்துல எனக்கு எடமில்லீங்க." அவன் ஒரு அடி முன்னால் வந்தான். "அடுத்த தடவ நானும் உள்ள வந்து உக்காரோணுங்க. இந்த வண்டில எனக்கும் ஒரு பங்கு வேணுங்க, ஐயா."